பஸ்ஸில் வரும் ரொட்டி

நிங்கப்பா: ...அதெல்லாம் ஒன்னும் வேணாம், எந்திரி. இப்பவே போய் அந்த வார்டனம்மாவைப் பாத்துட்டு வந்துருவோம்.

தானம்மா: பாத்து?

நிங்கப்பா: பாத்து என்ன பாத்து? கையெடுத்துக் கும்பிட்டு, "அம்மா, சவதத்தி பக்கத்துலேர்ந்து வந்திருக்கோம், எம்.எஸ்சி. படிக்க வந்த புள்ள, ஹாஸ்டல்ல ஒரு மூலை குடுங்க"ன்னு கேப்பேன்.

தானம்மா: எடம் இல்லன்னு சொல்லிட்டாங்கப்பா. எத்தனை தடவதான் சொல்றது...

நிங்கப்பா: இல்லன்னு சொல்றவங்கதான் தாயி கடைசில குடுப்பாங்க. இருக்குன்னு சொன்னவன் எவன் குடுத்திருக்கான்?

தானம்மா: உக்காருங்கப்பா. பஸ் வர்ற நேரம்.

நிங்கப்பா: அந்த பஸ்ஸு என்னிக்கு நேரத்துக்கு வந்துச்சு? நான் இந்த தார்வாட்ல படிக்கறப்பவே அது பத்து மணிக்கு வர்ற எட்டு மணி பஸ்ஸு.

தானம்மா: வரட்டுமே. இன்னிக்கு எனக்கு கிளாஸ் இல்ல.

நிங்கப்பா: வயிறு இருக்கில்ல? நேத்து ராத்திரி சன்னபசு மாமா வீட்டுல ரெண்டு வாய் தின்னதோட சரி. வா, அந்தப் பக்கம் ஒரு கானாவளி இருக்கு. சூடா சோள ரொட்டி போடுவான். தின்னுட்டு வந்து உக்காந்துக்கலாம்.

தானம்மா: நீங்க போய்த் தின்னுட்டு வாங்க.

நிங்கப்பா: நீ?

தானம்மா: எனக்குத்தான் டப்பா வருதே. என்னப்பா, மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிறீங்க?

நிங்கப்பா: டீ சுட்டுருச்சு.

தானம்மா: கிளாஸ்ல டீயே இல்ல.

நிங்கப்பா: பெரிய போலீசு இவ... இங்க பாரு தாயி, நேத்து பாத்த அந்த ரூமு நல்லாத்தான் இருக்கு. நான் இல்லன்னு சொல்லல. சப்தாபூர் நல்ல ஏரியா. ரெண்டு ஜன்னல். கூட இருக்கற புள்ளைங்களும் பாத்தா அடக்கமாத்தான் தெரியுதுங்க...

தானம்மா: அடக்கமா? நீங்க தலையைத் திருப்பினதும் அந்த பீஜாப்பூர் பொண்ணு கேட்டா பாருங்க ஒரு கேள்வி... "உங்கப்பா தினமும் வருவாரா"ன்னு.

நிங்கப்பா: அதுல என்ன தப்பு?

தானம்மா: வருவாருன்னா அவ வேற ரூம் பாக்கறாளாம்.

நிங்கப்பா: சரி சரி. ரூமு நல்ல ரூமு. ஆனா ரூமைக் கடிச்சுத் திங்க முடியுமா? அந்த வீட்டுக்காரம்மா மொதல்ல சொன்னது என்ன? உள்ளே அடுப்பு மூட்டக்கூடாது, ஸ்டவ்வைக் கொண்டாந்தா வெளில வீசிருவேன்னாங்களா இல்லையா?

தானம்மா: அங்க எல்லாருக்கும் ஊர்லேர்ந்துதான் டப்பா வருது. பீஜாப்பூர்காரிக்கு மட்டும் காஞ்ச ரொட்டி, மாசத்துக்கு ஒரு மூட்டை.

நிங்கப்பா: எல்லாருக்கும் வரும். நமக்கு யாரு அனுப்புவா?

தானம்மா: அம்மா அனுப்புவா.

நிங்கப்பா: தாயி...

தானம்மா: அனுப்புவா. கெளம்பறப்ப சொல்லிட்டு வந்திருக்கேன். "இன்னிக்குக் காலைலேர்ந்து எனக்கு டப்பா வேணும், பஸ்ல போட்டு விடு"ன்னு.

நிங்கப்பா: அதுக்கு அவ என்ன சொன்னா?

தானம்மா: ஒன்னும் சொல்லல. மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தா.

நிங்கப்பா: உன்னை வாய் தொறந்து கேக்க விட்டதே பெருசு. எட்டு மாசம் ஆச்சு, அந்த அடுப்புப் பக்கம் அவ திரும்பிக்கூடப் பாக்கல. உக்காந்தா உக்காந்த எடம். நீ தட்டற ரொட்டியைத் தட்டுல வெச்சா, தின்னுட்டுக் கையைக் கழுவிட்டுப் போயிடறா. அவ எந்திரிச்சு, மாவு பெசஞ்சு, அடுப்பு மூட்டி, தட்டி, கட்டி, ரோட்டுக்கு நடந்து வந்து... நடக்கற கதையா இது? அதனாலதான் சொல்றேன். ஹாஸ்டல்னா மணியடிச்சா சோறு. யாரு தயவும் வேண்டாம்.

தானம்மா: ஹாஸ்டல் சோத்தைப் பத்தி நீங்க பேசறீங்க!

நிங்கப்பா: ஏன், பேசுனா என்ன?

தானம்மா: ஹாஸ்டல்ல சேந்து, ரெண்டாவது மாசமே பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தது யாரு?

நிங்கப்பா: அது... அந்தக் காலத்துச் சாறு தாயி. அதுல பருப்பைத் தேடிப் போனவன் திரும்பி வரல.

தானம்மா: அப்புறம் ரூம் எடுத்தீங்க.

நிங்கப்பா: எடுத்தோமே! நாலு பேரு. மராட்டாக் காலனி பக்கம், மாடிப்படிக்குக் கீழ ஒரு பொந்து. நின்னா தலை இடிக்கும், அதனால உக்காந்தே படிச்சோம், நல்ல மார்க்கும் வந்துச்சு. ஆனா சாப்பாட்டு நேரத்துல வந்து பாக்கணும் நீ! ராமதுர்க்கத்துக்காரன் டப்பால கத்திரிக்காய். ஹாவேரிக்காரன் டப்பால நெய்ச் சோறு. நர்குந்துக்காரன் வீட்டுல எள்ளுப் பொடி இடிச்சா அந்த வாசனை பஸ்ஸோட கூரை மேலயே தெரியும். நாலு ஊரு சமையலையும் ஒரு பேப்பர்ல கொட்டி நடுவுல வெச்சுக்கிட்டு... அடடா! எந்த ராசா தின்னான் அந்தச் சாப்பாடு?

தானம்மா: உங்க டப்பால என்ன இருக்கும்?

நிங்கப்பா: அதை விடு.

தானம்மா: சொல்லுங்கப்பா.

நிங்கப்பா: எங்கம்மா பாவம், காட்டு வேலைக்காரி. உப்பு போட்டா காரம் மறந்துருவா, காரம் போட்டா உப்பு மறந்துருவா. என் டப்பாவைத் தொறந்தா மூணு பயலும் அந்தப் பக்கம் திரும்பிக்குவானுங்க. அதனாலதானே...

தானம்மா: ஆரம்பிச்சாச்சு!

நிங்கப்பா: என்ன ஆரம்பிச்சாச்சு?

தானம்மா: டப்பா மாறின கதை. இந்த பஸ் ஸ்டாண்டு வாசலை மிதிச்சதுலேர்ந்து எப்ப வரும் எப்ப வரும்னு பாத்துக்கிட்டே இருக்கேன்.

நிங்கப்பா: கேக்கலன்னா விடு.

தானம்மா: சொல்லுங்க, சொல்லுங்க. பஸ் வர்ற வரைக்கும் வேற என்ன வேலை?

நிங்கப்பா: தோ, அந்தத் தூணு தெரியுது பாரு. அங்கதான் பஸ்ஸு நிக்கும். வந்து நின்னதும் டப்பாவுக்கு அடிதடி. பேரெல்லாம் யாரு எழுதுனா? துணியோட நெறத்தைப் பாத்து எடுக்க வேண்டியதுதான். எனக்குப் பச்சைத் துணி. அன்னிக்குத் தூக்கிட்டு ரூமுக்கு ஓடறேன், தொறக்கறேன்... ரொட்டி பாரு, வெத்தலை மாதிரி மெல்லிசு! எண்ணெய் மினுமினுக்கற கத்திரிக்காய். வேர்க்கடலைப் பொடிக்கு நடுவுல குழி பண்ணி, அதுல தயிரு. ஒரு வாய் வெச்சேன் தாயி. இது எங்கம்மா கையில்லன்னு தெரிஞ்சு போச்சு.

தானம்மா: தெரிஞ்சும் நிறுத்தல.

நிங்கப்பா: எப்படி நிறுத்தறது? கை என் பேச்சையா கேட்டுச்சு? தொடைச்சு வெச்சுட்டேன். அப்புறம்தான் உறுத்துச்சு. யாரோ ஒரு பய பட்டினி கெடக்கானேன்னு. சாயங்காலம் காலி டப்பாவைத் திருப்பி பஸ்ல போடணுமே, சும்மா போட மனசு வரல. ஒரு பேடா வாங்கி உள்ள வெச்சேன்.

தானம்மா: ஒரே ஒரு பேடா.

நிங்கப்பா: அன்னிக்கு என்னால முடிஞ்சது அதான்! மறுநாள் பாத்தா அதே பச்சைத் துணி, உள்ள ரெண்டு போளி. நானும் மறுபடி...

தானம்மா: தெரிஞ்சே திருடினீங்க.

நிங்கப்பா: திருட்டா? என் டப்பாவை அவனுக்கு விட்டுட்டுத்தானே எடுத்தேன்?

தானம்மா: அது தண்டனைப்பா!

நிங்கப்பா: அவனும் அதைத்தான் சொன்னான். சன்னபசு மாமா. இதே தூணுக்கிட்ட என் சட்டையைப் பிடிச்சுட்டான். "டேய், ஊருக்குப் போனா எங்கக்கா 'பேடா நல்லா இருந்துச்சு'ங்கறா. நான் எப்படா பேடா வாங்கினேன்? மூணு நாளா உப்பில்லாத பருப்பைத் தின்னுக்கிட்டு இருக்கேன் நான்!"னு ஒரே சத்தம். பஸ் ஸ்டாண்டே சிரிக்குது. எனக்கு அடி விழுந்ததுகூட உறைக்கல. அக்காவா, அப்ப இந்தக் கை ஒரு பொண்ணோட கையான்னு அதையே நெனச்சுக்கிட்டு நிக்கறேன்...

தானம்மா: அம்மா சொல்ற கதை வேற, தெரியுமா?

நிங்கப்பா: அவ என்ன சொல்றா?

தானம்மா: "டப்பாவைக் கழுவாம அனுப்பின ஒரு பயலை எனக்குக் கட்டி வெச்சுட்டாங்க"ன்னு.

நிங்கப்பா: கழுவினேன்! ரெண்டாவது நாள்லேர்ந்து கழுவினேன்!

தானம்மா: அப்பா, மெதுவா. எல்லாரும் பாக்கறாங்க.

நிங்கப்பா: பாக்கட்டும்... அவ கை மாதிரி வருமா தாயி? காலைல அவ ரொட்டி தட்டற சத்தத்துலதான் எனக்கு முழிப்பு வரும். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அப்படித்தான். இப்ப நேரங்கெட்டு எந்திரிக்கறேன். எந்திரிச்சு, சத்தம் வருதா வருதான்னு அப்படியே படுத்துக் கெடக்கேன். வீடு வீடாவே இல்ல.

தானம்மா: அதை அம்மாகிட்ட சொல்லியிருக்கீங்களா?

நிங்கப்பா: புருஷன் பொண்டாட்டிக்குள்ள அதெல்லாம் சொல்லிக்கிட்டு இருப்பாங்களா?

தானம்மா: சொல்லக்கூடாததை மட்டும் சொல்லத் தெரியுது.

நிங்கப்பா: ...என்ன சொன்னேன் நான்?

தானம்மா: காட்டுல படையல் வெச்சோமே, எள்ளமாவாசை, அதுக்கு மறுநாள் ராத்திரி. அண்ணன் சாப்பிட உக்காந்தான். காடு கழனியெல்லாம் எனக்கு ஒத்து வரலப்பா, புனேல வண்டி ஓட்டப் போறேன்னான். நீங்க...

நிங்கப்பா: விடு. அது எதுக்கு இப்ப?

தானம்மா: "போறதுன்னா போ, இந்த வீட்டு ரொட்டி இனி உனக்கு இல்ல"ன்னீங்க.

நிங்கப்பா: கோவத்துல வந்த வார்த்தை! பெத்தவன் கோவத்துல ஒன்னு சொல்லக்கூடாதா? எங்கப்பன் என்னைச் சொல்லாததா? நாலு நாள் கழிச்சு வந்து நின்னான்னா அடிச்சா வெரட்டப் போறேன்?

தானம்மா: மல்லு அண்ணன் உங்க மகன்தானே. வருவானா? புட்ட ரொட்டியைத் தட்டுலயே வெச்சுட்டு எந்திரிச்சான். அம்மா கைல ஒரு ரொட்டி பாதி தட்டினது... அதை அப்படியே மாவாக்கி உருட்டி வெச்சுட்டு அவளும் எந்திரிச்சுட்டா. அதோட சரி... அப்பா, அழறீங்களா?

நிங்கப்பா: பஸ் புகைடி.

தானம்மா: பஸ்ஸே இல்ல.

நிங்கப்பா: உனக்கு எல்லாத்துக்கும் சாட்சி வேணும்... எனக்கு மட்டும் ஆசையா? அவ இப்படி வெறிச்சு உக்காந்திருக்கறதைப் பாக்க எனக்கு மட்டும் தெம்பு இருக்கா? நீயும் இங்க வந்துட்டா அந்த வீட்டுல நானும் அவளும் மூஞ்சியை மூஞ்சியைப் பாத்துக்கிட்டு... அவ அதுவும் பாக்க மாட்டா.

தானம்மா: நான் வந்துட்டா உங்களுக்கு யாரு ரொட்டி தட்டுவா?

நிங்கப்பா: நீ தட்டினதுக்குப் பேரு ரொட்டியா?

தானம்மா: எட்டு மாசமா தின்னீங்கல்ல?

நிங்கப்பா: மாடும் தின்னுச்சு. அதுக்கும் வேற வழியில்ல.

தானம்மா: இருங்க, ஒரு நாள் உங்களை... அப்பா! அப்பா, அதோ பாருங்க! சிவப்பு போர்டு! நம்ம பஸ்ஸு!

நிங்கப்பா: எங்க? ஆமா! ஏய், பையை எடு!

தானம்மா: எங்க ஓடறீங்க? வேட்டி தடுக்கப் போகுது!

நிங்கப்பா: கண்டக்டரே! ஏ கண்டக்டரே! தானம்மான்னு ஒரு டப்பா...

கண்டக்டர்: பொறுங்கண்ணே, மொதல்ல எறங்கறவங்க எறங்கட்டும். இந்தா, பசவராஜா, உன்னோடது. ஏம்மா சிவலீலா, தூக்கு வாளியைச் சாய்க்காம பிடி, நேத்து என் சீட்டெல்லாம் மோரு. இது யாரு, ஈரண்ணாவா? இந்தா. அடுத்து... அவ்வளவுதான்.

நிங்கப்பா: அவ்வளவுதானா? நல்லா பாருங்க தம்பி. தானம்மா. தானம்மா நிங்கப்பா.

கண்டக்டர்: இல்லண்ணே.

நிங்கப்பா: டிரைவர் சீட்டுக்குப் பின்னால உருண்டு போயிருக்கும்...

கண்டக்டர்: எஞ்சின் மேலயும் இல்ல, சீட்டுக்குக் கீழயும் இல்ல. உங்க ஊரு ஸ்டாப்புல நாலு பேரு ஏறினாங்க, டப்பான்னு யாரும் குடுக்கல. உங்க வீட்டம்மாவை எனக்குத் தெரியாதா? நின்னிருந்தா நானே கேட்டு வாங்கியிருப்பேன்.

நிங்கப்பா: ...சரி தம்பி.

தானம்மா: வாங்கப்பா. அந்த பெஞ்சுலயே உக்காருவோம்.

நிங்கப்பா: நான்தான் சொன்னேனே தாயி.

தானம்மா: ம்.

நிங்கப்பா: அவ மேல கோவப்படாத.

தானம்மா: இல்லப்பா.

நிங்கப்பா: எந்திரி. கானாவளில ரெண்டு ரொட்டி சாப்பிடு. அப்புறம் நேரா ஹாஸ்டலுக்குப் போவோம்.

தானம்மா: அங்கதான் எடம் இல்லன்னு...

நிங்கப்பா: இருக்கு.

தானம்மா: என்ன?

நிங்கப்பா: உனக்கு எடம் இருக்கு. ரெண்டாவது மாடி, மேக்கால பாத்த ரூமு. நீ வேணாம்னு எழுதிக் குடுத்ததை அந்த வார்டனம்மா இன்னும் மேல அனுப்பல. இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் வெச்சிருக்கேன்னாங்க.

தானம்மா: நீங்க எப்ப...

நிங்கப்பா: நேத்து நீ அந்த ரூமுல மாடி ஏறிப் பாத்துக்கிட்டு இருந்தியே, அப்ப ஒரு ஆட்டோ பிடிச்சுப் போயிட்டு வந்துட்டேன். உன் வாயாலயே சொல்லுவியான்னு காலைலேர்ந்து கேட்டுக்கிட்டு இருக்கேன். பதிலுக்குப் பதில் புளுகறியே ஒழிய...

தானம்மா: அப்பா, நான்...

நிங்கப்பா: ஹாஸ்டல் ஹாஸ்டல்னு ஒரு வருஷமா நீ பேசின பேச்சு என்ன! லைப்ரரி பக்கத்துல இருக்கு, ராத்திரி எவ்வளவு நேரம் வேணா படிக்கலாம், லேப்லேர்ந்து நடந்தே வந்துரலாம்... கெடைச்சதை எதுக்கும்மா வேணாம்னே?

தானம்மா: ஹாஸ்டல்ல சேந்தா எனக்கு அங்கயே சோறு கெடைச்சுரும்.

நிங்கப்பா: கெடைச்சா நல்லதுதானே?

தானம்மா: கெடைச்சா அம்மா எதுக்கு எந்திரிப்பா? "அவளுக்கென்ன, மணியடிச்சா சோறு"ன்னு அப்படியே உக்காந்துருவா. நான் இங்க பசியா இருக்கேன்னு தெரிஞ்சா... ஒரு நாள் இல்லன்னா ஒரு நாள் அடுப்பு மூட்ட மாட்டாளான்னு... நான் வேற என்னப்பா பண்றது? எனக்கு வேற ஒன்னும் தெரியல...

நிங்கப்பா: ஏய், ஏய்... அழாத. இப்ப நீ அழுதா பெத்தவன் நான் என்ன ஆகறது? இந்தா, துண்டுல தொடச்சுக்க.

தானம்மா: துண்டுல பீடி நாத்தம்.

நிங்கப்பா: நாறட்டும், தொடச்சுக்க... நீ மட்டும்தான் புளுகினேன்னு நெனச்சுக்காத.

தானம்மா: என்ன சொல்றீங்க?

நிங்கப்பா: நேத்து ராத்திரி மாமா வீட்டு வாசல்ல நின்னு அவளுக்கு போன் போட்டேன். "ஹாஸ்டல்ல ஒரு எடம் இல்ல நீலா, ரூமுல அடுப்பு மூட்டக்கூடாதாம், புள்ள ரெண்டு பன்னைத் தின்னுட்டுப் படுத்திருக்கு"ன்னேன்.

தானம்மா: நீங்களா? அத்தை ராத்திரி போளி போட்டாங்க எனக்கு!

நிங்கப்பா: போளின்னு சொன்னா அவ எந்திரிப்பாளா?

தானம்மா: அப்ப எதுக்குக் காலைலேர்ந்து ஹாஸ்டல் ஹாஸ்டல்னு என் உசிரை எடுத்தீங்க?

நிங்கப்பா: டப்பா வரலன்னா நீ ஒடஞ்சு போயிருவேன்னு பயந்தேன் தாயி. முன்னாடியே உன்னை இங்கேர்ந்து கெளப்பிரலாம்னு பாத்தேன்.

தானம்மா: அம்மா போன்ல என்ன சொன்னா?

நிங்கப்பா: "ம்"னா.

தானம்மா: அவ்வளவுதானா?

நிங்கப்பா: அவ்வளவுதான். வெச்சுட்டா... யாரு போனு அடிக்குது? உன்னோடதா?

தானம்மா: அம்மா! அம்மாதான்! ...ஹலோ? அம்மா?

நீலவ்வா: ஏன்டி, எடுத்தாச்சா?

தானம்மா: எதைம்மா?

நீலவ்வா: எதையா? டப்பாவை! ரொட்டி ஆறி அப்பளம் ஆகியிருக்கும் இந்நேரம்.

தானம்மா: பஸ்ல இல்லையேம்மா... இப்பதான் கண்டக்டர்கிட்ட...

நீலவ்வா: எந்த பஸ்ல பாத்தீங்க?

தானம்மா: நம்ம எட்டு மணி பஸ்.

நீலவ்வா: அந்த மாட்டு வண்டியில எவ குடுப்பா? விடியறதுக்கு முன்னாடியே ரோட்டுல போய் நின்னு, எக்ஸ்பிரஸ்ஸைக் கை காட்டி நிறுத்திக் குடுத்தேன். "டப்பாவுக்கெல்லாம் நிறுத்துவியா"ன்னு டிரைவர் கத்தினான். புள்ள பட்டினியா கெடக்குதுப்பான்னேன். வாங்கிக்கிட்டான். ஆள் வரலன்னா விசாரிப்பு ஜன்னல்ல வெச்சிருப்பாங்க, போய்ப் பாரு.

தானம்மா: விசாரிப்பு ஜன்னலா? அப்பா... அப்பா, திரும்பிப் பாருங்க. உங்க தலைக்குப் பின்னால!

நிங்கப்பா: அட கடவுளே! இது பாட்டுக்கு இங்கயே இருந்திருக்கு! இவ்வளவு நேரம் இதுக்குக் கீழயே உக்காந்துக்கிட்டு... தாயி, தொட்டுப் பாரு. அடியில இன்னும் சூடு இருக்கு.

தானம்மா: அம்மா... அம்மா, கெடைச்சுருச்சும்மா...

நீலவ்வா: அழுதுக்கிட்டே தின்னா விக்கல் எடுக்கும். மூக்கைச் சிந்திட்டுத் தின்னு. உங்கப்பா பக்கத்துலதான் இருக்காரா? ரெண்டு பேருக்கும் கேக்கற மாதிரி சத்தமா வை.

தானம்மா: வெச்சுட்டேன்.

நிங்கப்பா: நீலா! அடடா, வாசனையே போதும் போ! ரொட்டி பாரு, வெத்தலை மாதிரி...

நீலவ்வா: கையை எடுங்க.

நிங்கப்பா: என்ன?

நீலவ்வா: அது என் பொண்ணுக்கு. எண்ணித்தான் கட்டியிருக்கேன். உங்களுக்குத்தான் கானாவளி இருக்கே.

தானம்மா: அம்மா, பாவம்மா அப்பா...

நீலவ்வா: நீ சும்மா இரு. மொதல்ல உன் கதைக்கு வரேன். ஹாஸ்டல்ல எடமே கெடைக்கலையாமே?

தானம்மா: அது... ஆமாம்மா. எல்லாம் ரொம்பிப் போச்சாம்.

நிங்கப்பா: ஆமா நீலா, நானே போய்க் கேட்டுட்டேன். ஒரு பாய் விரிக்கக்கூட எடம் இல்லன்னுட்டாங்க.

நீலவ்வா: அப்படியா? அப்ப முந்தாநாள் அந்த வார்டனம்மா எனக்கு எதுக்கு போன் பண்ணினாங்க? "உங்க பொண்ணு வந்த எடத்தை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டா, வீட்டுல தெரியுமா, பொம்பளைப் புள்ள தனியா ரூம் எடுக்கப் போறா"ன்னு?

தானம்மா: ...அம்மா.

நீலவ்வா: அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே தறியில நெய்த புளுகு. ஒரு பன்னாம், ரெண்டு பன்னாம். என் தம்பி பொண்டாட்டி ராத்திரி போளி போட்டதை அப்பவே சொல்லிட்டா.

நிங்கப்பா: தெரிஞ்சுமா சுட்டு அனுப்பினே?

நீலவ்வா: கெடைச்ச எடத்தை எனக்காக ஒருத்தி உதறியிருக்கா. அப்புறமும் உக்காந்திருந்தா நான் என்ன ஜென்மம்? இங்க பாருடி, உனக்கு எது பிடிச்சிருக்கு? உள்ளதைச் சொல்லு. ரூமா, ஹாஸ்டலா?

தானம்மா: ...ஹாஸ்டல்தான்மா. ஆனா...

நீலவ்வா: ஆனாவும் இல்ல, ஆவன்னாவும் இல்ல. போய்ச் சேரு. ஹாஸ்டல்ல இருக்கறவ பஸ் ஸ்டாண்டுக்கு வந்து டப்பா வாங்கக்கூடாதுன்னு சட்டமா இருக்கு? தினமும் வேண்டாம், உனக்குப் படிப்பு கெடும். சனிக்கிழமை வந்து வாங்கிக்க. ரூமுக்காரப் புள்ளைங்களுக்கும் சேத்துக் கட்டறேன்.

தானம்மா: அம்மா, நீ நல்லா இருக்கியா? நெசமாவே? எட்டு மாசமா மாவையே தொடாதவ...

நிங்கப்பா: அதைத்தான் நானும் கேக்கறேன். உன் கையே மரத்துப் போச்சுன்னு நெனச்சேன் நீலா. அந்தச் சத்தம் இல்லாம நான்... எனக்குத் தூக்கமே இல்ல. நெசமாத்தான் சொல்றேன். பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டுச் சொல்றேன். உனக்கு ஏதோ ஆகிப் போச்சுன்னு பயந்து செத்துக்கிட்டு இருந்தேன்.

நீலவ்வா: எனக்கு என்ன ஆச்சு? என் கை எங்க மரத்துச்சு? வாரா வாரம், நீங்க காட்டுக்குப் போனப்புறம், இவளுக்கும் தெரியாம, பக்கத்து வீட்டு கங்கவ்வா அடுப்புல சுட்டு, புனே போற பஸ்ல மல்லுவுக்கு அனுப்பிக்கிட்டுத்தான் இருக்கேன். இந்த வீட்டு ரொட்டி அவனுக்கு இல்லன்னீங்கல்ல, அதான் இந்த வீட்டு அடுப்பை மூட்டல. வர்ற தீபாவளிக்கு நீங்களே போன் போட்டு அவனைக் கூப்பிடுங்க. அவன் உக்காந்து முத ரொட்டியைப் புட்கட்டும், ரெண்டாவது உங்களுக்கு.